ஒரே பேருந்தில் போய், இரண்டு வரிசையில் நிற்பதா?

தியான வாசிப்பு: மாற்கு 5:21-43

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே,



காலாண்டுத் தேர்வு விடுமுறையில் நம்முடைய ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளைக் கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்கு அழைத்துச் செல்ல ஏற்பாடுகள் நடைபெற்று வருவதை நீங்கள் அறிவீர்கள். இரண்டு பேருந்துகள் பேசியாகிவிட்டது. இதுவரை 78 பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்தபின் பெற்றோரில் சிலர் என்னைச் சந்தித்து ஒரு வேண்டுகோளை முன்வைத்தார்கள். "ஐயா, சாதாரணச் சீட்டை எல்லாப் பிள்ளைகளுக்கும் சபையே எடுக்கட்டும். விருப்பமுள்ள பெற்றோர் மட்டும் மேல்தொகையைத் தங்கள் கையிலிருந்து கட்டி, தங்கள் பிள்ளையின் சீட்டை விரைவு வரிசைச் சீட்டாக மாற்றிக்கொள்ள அனுமதியுங்கள். சபைக்கும் செலவில்லை, ஒருவருக்கும் நஷ்டமில்லை" என்றார்கள். மிகுந்த மரியாதையோடும் நல்ல மனதோடும் கேட்டார்கள். பதில் சொல்ல ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

வேண்டாம் என்பதே என் பதில். ஒரு போதகர் காரணம் சொல்லாமல் "கூடாது" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. கேட்டவர்களுக்கு அது நியாயம் செய்ததாகாது. ஆகையால் இந்த வாரத் தியானத்தை அந்தக் காரணத்தைச் சொல்லவே எடுத்துக்கொள்கிறேன். பொறுமையோடு வாசித்து, நான் பிழையாக எண்ணியிருந்தால் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்பதை அறிந்துகொள்வோம். இன்று பெரிய பூங்காக்கள் பலவற்றில் இரண்டு வகைச் சீட்டுகள் உண்டு. ஒன்று சாதாரணச் சீட்டு. மற்றது தனி வழியாகச் சென்று குறைந்த நேரத்தில் விளையாட்டுகளில் ஏற உதவும் சீட்டு. நம் நாட்டில் கொச்சி, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய இடங்களில் இயங்கும் வொண்டர்லா பூங்காக்களில் இதற்கு 'ஃபாஸ்ட்ராக்' என்று பெயர். சாதாரணச் சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர்களும், வெயிலையும் கூட்டத்தையும் பார்த்தபின், வித்தியாசத் தொகையைக் கட்டி உயர்ந்த சீட்டுக்கு மாறிக்கொள்ளப் பல பூங்காக்கள் இடமளிக்கின்றன. இதைத்தான் நம் பிள்ளைகள் 'அப்கிரேடு' என்கிறார்கள்.

இந்த வழக்கத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் டிஸ்னிலாந்து பூங்கா 1955ஆம் ஆண்டு ஜூலை மாதம் திறக்கப்பட்டது. தொடக்க காலத்தில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியே கட்டணம் இருந்தது. பின்பு ஏ, பி, சி என்று தரம் பிரித்த சீட்டுப் புத்தகங்கள் வந்தன. 1959இல் சேர்க்கப்பட்ட 'இ' சீட்டே மிகச் சிறந்த விளையாட்டுகளுக்கு உரியது. 1982இல் இந்தச் சீட்டுப் புத்தகங்கள் நீக்கப்பட்டு, ஒரே நுழைவுச்சீட்டில் எல்லாவற்றிலும் ஏறலாம் என்ற நிலை உண்டாயிற்று. அதன்பின் சில ஆண்டுகள், உள்ளே வந்த ஐசுவரியவானும் எளியவனும் ஒரே வரிசையில் நின்றார்கள். 1999இல் 'ஃபாஸ்ட்பாஸ்' வந்தது. குறித்த நேரத்தில் திரும்பி வந்தால் வரிசையில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. சீட்டு வாங்கிய எவரும் பெறலாம். 2021இல் டிஸ்னி பூங்காக்களின் அந்தச் சலுகைக்கு விலை வைக்கப்பட்டது. 2024இல் வந்த மிக உயர்ந்த வகை அனுமதிக்கு, கூட்டம் மிகுந்த நாட்களில், நுழைவுச்சீட்டுக்கு மேலாக ஒருவருக்கு 400 டாலருக்கும் அதிகமாகக் கேட்கப்படுகிறது. காத்திருக்காமல் இருப்பது எல்லாருக்குமான சலுகையாகத் தொடங்கி, விற்பனைப் பொருளாக முடிந்திருக்கிறது.

"பணம் இருக்கிறவர் வாங்குகிறார், இதில் என்ன தவறு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். குளிரூட்டப்பட்ட பேருந்தில் ஒருவர் பயணம் செய்வதால் சாதாரணப் பேருந்தில் போகிறவருக்கு வெப்பம் கூடிவிடுவதில்லை. நல்ல விடுதியில் ஒருவர் தங்குவதால் எளிய விடுதியில் இருப்பவரின் தலையணை பறிபோவதில்லை. அவற்றை வாங்குகிறவர் தமக்கு ஒரு வசதியைத் தேடிக்கொள்கிறார், அவ்வளவே. ஆனால் வரிசை அப்படிப்பட்டதல்ல.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு விளையாட்டில் 24 இருக்கைகள் இருக்கின்றன. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அது புறப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் 480 பேர் ஏறலாம். அதற்கு மேல் ஒருவரும் ஏற முடியாது. உங்கள் பிள்ளைக்கு முன்பாக 480 பேர் நின்றால், ஒரு மணி நேரத்தில் அவன் முறை வர வேண்டும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் 160 பேர் தனி வழியாக வந்து ஏறினால், பொது வரிசைக்கு மிஞ்சுவது 320 இருக்கைகளே. இப்போது உங்கள் பிள்ளை நிற்க வேண்டியது ஒன்றரை மணி நேரம். விரைவுச் சீட்டு புதிதாக ஒரு நிமிடத்தையும் உண்டாக்குவதில்லை. முன்னால் போகிறவருக்குக் கிடைக்கும் நிமிடங்கள், பின்னால் நிற்கிறவர்களிடமிருந்து எடுக்கப்பட்டவை. அவர்கள் அதை விற்கவும் இல்லை. அதன் விலை அவர்கள் கைக்கு வருவதும் இல்லை.

இதைச் சொல்லிவிட்டு, குடும்பமாகச் சுற்றுலா போகிற இடத்தில் விரைவுச் சீட்டு வாங்குகிற ஒவ்வொருவரும் பாவம் செய்கிறார்கள் என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் ஒரே விடுமுறை நாள். இடுப்பு வலியோடு வந்திருக்கும் தாயார். சீக்கிரம் சோர்ந்துபோகும் குழந்தை. இப்படிப் பல காரணங்கள் இருக்கலாம். அது அவரவர் மனச்சாட்சிக்கு விடப்பட்ட காரியம். ஆயினும் ஒரு மேய்ப்பனாக ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அந்தத் தீர்மானத்தை வீட்டிலேயே எடுங்கள். கோபுரம் கட்ட எண்ணுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று ஆண்டவர் சொன்னார் (லூக்கா 14:28). உட்கார்ந்து பார்க்க வேண்டிய கணக்கை, பிள்ளைகள் கையைப் பிடித்து இழுக்க, பின்னால் நிற்கிறவர்கள் அவசரப்படுத்த, சீட்டு விற்கும் இடத்தில் நின்றுகொண்டு பார்க்கிறவர் பெரும்பாலும் கடன் அட்டையைத்தான் நீட்டுவார். மூன்று நிமிட விளையாட்டுக்காகப் பட்ட கடனைப் பல மாதங்கள் அடைத்த குடும்பங்களோடு நான் ஜெபித்திருக்கிறேன்.

இனி நான் சொல்லப்போவது என் சொந்தக் காரியம். சம்பந்தப்பட்ட குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவர்கள் யாரென்று தேட வேண்டாம்.

கடந்த மே மாத விடுமுறையில் என் மகளும் மருமகனும் பேரனும் ஊருக்கு வந்திருந்தார்கள். எல்லாரும் சேர்ந்து ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போனோம். சாதாரணச் சீட்டுதான் எடுத்திருந்தோம். பதினொரு மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிட்டது. ஒரு விளையாட்டின் முன்னால் 80 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று பலகையில் எழுதியிருந்தது. மருமகன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, நீங்கள் வெயிலில் நிற்க வேண்டாம்" என்று சொல்லிப் போய், ஐந்து பேருக்கும் வித்தியாசத் தொகையைக் கட்டி, வேறு நிறக் கைப்பட்டைகளை வாங்கி வந்தார். நான் ஒப்புக்காகத் தடுத்தேன். உள்ளத்தில் எனக்கு மகிழ்ச்சியே.

தனி வழியாக நடந்து போனோம். பொது வரிசைக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு கம்பித் தடுப்பு மாத்திரமே. பாதி தூரம் போயிருப்பேன். "ஐயா, ஸ்தோத்திரம்" என்று ஒரு குரல் கேட்டது. நம் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரர், மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் அந்த வரிசையில் நின்றுகொண்டிருந்தார். சுமை ஆட்டோ ஓட்டுகிறவர். ஓர் ஆண்டு முழுவதும் சேர்த்து வைத்த பணத்தில் பிள்ளைகளை அழைத்து வந்திருந்ததைப் பின்னால் அறிந்தேன். இரண்டு கைகளையும் குவித்து வணங்கினார். முகத்தில் கசப்பு ஏதுமில்லை. நானும் சிரித்து, கை உயர்த்தி வாழ்த்திவிட்டு நடந்தேன்.

அப்போது அவருடைய இளைய மகன் கேட்டது என் காதில் விழுந்தது. "அப்பா, ஐயா மட்டும் ஏன் அந்தப் பக்கமாப் போறாங்க?"

தகப்பன் சொன்ன பதிலும் விழுந்தது. "அவங்க ஐயா இல்லையாடா தம்பி. அவங்க அப்படித்தான் போவாங்க."

எனக்கு முன்னால் போக இடம் கொடுத்தது என் மருமகனுடைய பணம். அந்தத் தகப்பனோ அதை என் ஊழியத்தின் பேரில் வைத்தார். என்மேல் உள்ள மதிப்பினால், தன் மகனுடைய கேள்விக்கு அவருக்குத் தெரிந்த மிக நல்ல பதிலைக் கொடுத்தார். நான் திரும்பி நின்று, "தம்பி, ஐயா என்பதால் அல்ல, கூடுதல் பணம் கட்டியதால் போகிறேன்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தேவனுடைய ஊழியக்காரன் மற்றவர்களுக்கு முன்னால் போகிறவன் என்று ஒரு சிறுவன் அன்று கற்றுக்கொண்டான். அந்தப் பாடத்தை என் முதுகு அவனுக்குக் கற்றுக்கொடுத்தது.

இரண்டு வாரம் சென்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். பையனை அருகில் அழைத்து, உண்மையைச் சொன்னேன். அவன் சற்று யோசித்து, "அப்போ நாங்களும் பணம் கட்டினாப் போகலாமா ஐயா?" என்றான். போகலாம் என்றேன். "எவ்வளவு?" என்றான். தொகையைச் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லாமல் தகப்பனுடைய முகத்தைப் பார்த்தான். உண்மையைச் சொன்னதால் என் பாரம் இறங்கும் என்று நினைத்துப் போயிருந்தேன். அதில் ஒரு பகுதியை அந்த வீட்டில் இறக்கி வைத்துவிட்டு வந்தேன் என்றே தோன்றுகிறது.

பிரியமானவர்களே, அந்நியர் கூட்டத்தில் முன்னால் போவது ஒன்று. அறிமுகமான முகங்களைக் கடந்து முன்னால் போவது வேறொன்று. ஒரே பேருந்தில் பாடிக்கொண்டு வந்த பிள்ளைகள், பூங்காவின் வாசலில் கைப்பட்டையின் நிறத்தால் இரண்டு கூட்டமாகப் பிரிந்தால் என்ன நடக்கும்? பொன் மோதிரமும் நல்ல உடையும் அணிந்தவனுக்கு ஓர் இடம், கந்தை உடுத்தியவனுக்கு வேறோர் இடம் என்று சபை கூடுமிடத்திலேயே பிரித்துவைத்தவர்களை யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கடிந்துகொள்கிறார். நாம் மோதிரத்தின் இடத்தில் கைப்பட்டையை வைக்கிறோம். அதுவும் பத்து வயதுப் பிள்ளைகளின் கையில்.

இப்போது இந்த வார வாசிப்புக்கு வருவோம். ஜெப ஆலயத் தலைவனாகிய யவீரு ஆண்டவரிடத்தில் வருகிறான். ஊரறிந்த மனிதன். அவனுடைய மகள் மரணத்தறுவாயில் இருக்கிறாள். இயேசு உடனே அவனோடு புறப்படுகிறார். இதைக் கவனியுங்கள். அவசரமான தேவை முன்னால் வரும்போது, ஆண்டவர் அதை வரிசையில் நிற்கச் சொல்லவில்லை. திரளான ஜனங்கள் நெருக்குகிறார்கள். அந்த நெருக்கத்தினூடே யவீருவின் வீட்டை நோக்கி நடக்கிறார்.

வழியிலே ஒரு ஸ்திரீ பின்னால் வந்து அவருடைய வஸ்திரத்தைத் தொடுகிறாள். அவளுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக வியாதி. யவீருவின் மகளுக்கு வயதே பன்னிரண்டு. அந்தச் சிறுமி ஒரு தலைவன் வீட்டில் செல்வமாக வளர்ந்த அத்தனை ஆண்டுகளும், இவள் வைத்தியர்களிடத்தில் தன் ஆஸ்தி எல்லாவற்றையும் கொடுத்துத் தோற்றுப்போனாள். இவளுக்காகப் பரிந்துபேச யாரும் வரவில்லை. முன்னால் வந்து கேட்கும் துணிவும் இவளுக்கு இல்லை. இயேசு நின்றுவிடுகிறார். தம்மைத் தொட்டது யார் என்று கேட்கிறார். அவள் நடுங்கி முன்வந்து, நடந்ததை எல்லாம் சொல்லி முடிக்குமட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறார். பின்பு அவளை மகளே என்று அழைக்கிறார்.

அந்த நேரமெல்லாம் யவீரு பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். அவனுடைய மனம் என்ன பாடுபட்டிருக்கும்! அவள் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்தவள், இன்னும் ஒரு மணி நேரம் காத்திருந்தால் என்ன என்று அவன் எண்ணியிருக்கலாம். இந்தத் தாமதத்தின் நடுவேதான், மகள் மரித்துப்போனாள் என்ற செய்தியும் வருகிறது. ஆனாலும் வேதம் நமக்குக் காண்பிப்பது என்ன? காத்திருந்ததினால் யவீரு எதையும் இழந்துபோகவில்லை. தன் வீட்டிலே ஒரு மகளைத் திரும்பப் பெற்றான். வழியிலே இன்னொரு மகள் பிழைத்ததைத் தன் கண்ணால் கண்டான். அவள் முறை வந்தபோது, தலைவனும் காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த வேத பகுதியிலிருந்து நான் கற்றுக்கொள்வது இதுவே: தேவையினால் கிடைக்கும் முன்னுரிமை வேறு, விலையினாலும் செல்வாக்கினாலும் கிடைக்கும் முன்னுரிமை வேறு. முதலாவதைச் சபை தாராளமாகக் கொடுக்க வேண்டும். இதை உலகத்தாரும் அறிந்திருக்கிறார்கள். நான் மேலே சொன்ன டிஸ்னி பூங்காக்களில், ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாட்டினால் வரிசையில் நிற்க இயலாதவர்களுக்கு ஒரு நேரம் குறித்துக் கொடுத்து, அதுவரை வேறிடத்தில் காத்திருக்க இடமளிக்கும் ஏற்பாடு உண்டு. கைக்குழந்தையோடு வந்த பெற்றோரில் ஒருவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் போய்வந்தபின், இவர் மீண்டும் முழு வரிசையில் நிற்காமல் ஏறவும் வழி உண்டு. நம் பிள்ளைகளிலும் நெடுநேரம் நிற்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன வசதி உண்டு என்று பூங்கா நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்கும்படி ஓய்வுநாள் பள்ளித் தலைவரிடம் சொல்லியிருக்கிறேன். வசதி இல்லையென்றால், அந்தப் பிள்ளைக்கும் துணையாகச் செல்லும் ஒரு தோழனுக்கும் விரைவுச் சீட்டைச் சபையே வாங்கும். அதைக் குறித்து மற்றப் பிள்ளைகளுக்கு வெளிப்படையாகச் சொல்லுவோம். காரணம் சொன்னால் பிள்ளைகள் பெரியவர்களைவிட விரைவில் புரிந்துகொள்வார்கள்.

சிலர் வேறொன்றும் சொன்னார்கள்: "ஐயா, உலகமே இப்படித்தான் இருக்கிறது. பிள்ளைகள் எப்படியும் இதைக் கற்றுக்கொள்ளத்தானே வேண்டும்?" உண்மை. கற்றுக்கொள்வார்கள். பள்ளியிலும் மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் நாள்தோறும் கற்றுக்கொள்வார்கள். ஆகவேதான், வேறொரு வழியும் உண்டு என்று கற்றுக்கொள்ள ஓர் இடமாவது அவர்களுக்கு வேண்டும். அந்த இடம் சபையாக இல்லாவிட்டால், வேறு எங்கே அவர்கள் அதைக் காண்பார்கள்?

இப்படி எழுதுகிற என்னிடம் நீங்கள் திருப்பிக் கேட்க உரிமை உண்டு. நம் சபையில் விரைவு வரிசைகள் இல்லையா? இருக்கின்றன. கைப்பட்டை மாத்திரம் இல்லை. பண்டிகை அசனத்தில் முதல் பந்தி யாருக்கு? குருவானவர் குடும்பத்துக்கும் கமிட்டியாருக்கும். அடுப்படியில் விடியற்காலமுதல் நின்ற சகோதரிகள் கடைசிப் பந்தியில், கறி தீர்ந்தபின் உட்காருகிறார்கள். ஜூன் மாதத்தில் பள்ளி, கல்லூரிச் சேர்க்கைக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டி வருகிறவர்களில், என் வீட்டுக் கதவைத் தயக்கமின்றித் தட்டக்கூடியவர்களுக்கு அன்றே கிடைக்கிறது. வாசலுக்கு வெளியே நின்று, "ஐயா ஓய்வாக இருக்கிறாரா?" என்று கேட்டுத் திரும்பிப் போகிறவர்களுக்குத் தாமதமாகிறது. கம்பித் தடுப்புக்கு மறுபுறம் நின்ற அந்தப் பையனுடைய தகப்பன், "அவங்க அப்படித்தான் போவாங்க" என்ற பாடத்தைப் பூங்காவில் கற்றவர் அல்லர். நம் சபை வளாகத்தில், என் கண்ணெதிரே, ஆண்டுக்கணக்காகக் கற்றிருக்கிறார்.

கொரிந்து சபையாரின் குற்றமும் இதுவே. கர்த்தருடைய பந்திக்கென்று கூடிவந்த இடத்தில் சிலர் முந்திக்கொண்டு தங்கள் சொந்த உணவைச் சாப்பிட்டார்கள், சிலர் பசியோடிருந்தார்கள். பவுல் அவர்களுக்குச் சொன்ன தீர்வு மிகவும் எளிமையானது: கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டும் (1 கொரிந்தியர் 11:33). நாம் திருவிருந்து ஆராதனையில் பீடத்துக்கு முன்பாக முழங்காற்படியிடுகிறோமே, அங்கே மேல்தொகை கட்டி எவரும் முந்த முடியாது. பொறியாளரும் சுமை ஆட்டோ ஓட்டுநரும் ஒரே அப்பத்தில், ஒரே பாத்திரத்தில் பங்குபெறுகிறார்கள். ஆலயத்துக்குள் அரைமணி நேரம் அப்படி இருந்துவிட்டு, வெளியே வந்ததும் வேறு விதமாக நடந்தால், அந்த அப்பம் நமக்குள் என்ன செய்தது?

சீட்டு மாற்றும் இடங்களில் பெரும்பாலும் ஒரு விதி உண்டு. சாதாரணச் சீட்டை உயர்ந்த சீட்டாக மாற்றலாம். உயர்ந்த சீட்டைச் சாதாரணச் சீட்டாக மாற்றித் தரமாட்டார்கள். மேலே ஏற வழி உண்டு. கீழே இறங்க வழி இல்லை. நம்முடைய ஆண்டவர் செய்ததோ அந்த இல்லாத வழியில் இறங்கி வந்ததுதான். தேவனுடைய ரூபமாயிருந்தவர் தம்மை வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்தார் என்று பிலிப்பியர் இரண்டாம் அதிகாரம் கூறுகிறது. யோர்தான் நதியில் யோவானிடத்தில் ஞானஸ்நானம் பெற வந்தபோதும், பாவிகளோடு பாவியாக அவர்கள் நடுவில் வந்து நின்றார். பொது வரிசையில் நிற்கக் கூச்சப்படாத ஆண்டவர் நமக்கு இருக்கிறார்.

ஆகவே, சேகரக் கமிட்டியாரோடு ஆலோசித்து நாங்கள் எடுத்த தீர்மானங்களை அறிவிக்கிறேன். இந்தச் சுற்றுலாவில், மேலே சொன்ன விசேஷத் தேவையுள்ளவர்கள் தவிர, எல்லாருக்கும் ஒரே சீட்டு. என் பேரனும் வருகிறான். அவனுக்கும் அதே சீட்டுதான். நானும் வருவேன், பிள்ளைகளோடு வரிசையில் நிற்பேன். கூட்டம் குறைவான நாளாக வார நாளைத் தேர்ந்திருக்கிறோம். தண்ணீரும் தொப்பியும் ஒவ்வொருவருக்கும் உண்டு. எல்லா விளையாட்டிலும் ஏற முடியாமல் போகலாம். அதைப் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள். வரும் பண்டிகை அசனத்தில் குருவானவர் குடும்பமும் கமிட்டியாரும் கடைசிப் பந்தியில் உட்காருவார்கள். பரிந்துரைக் கடிதங்களுக்கு ஆலய அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைக்கப்படும். பெயர் எழுதிய வரிசைப்படியே கொடுக்கப்படும். இதில் நான் தவறினால் எனக்கு நினைப்பூட்டுங்கள்.

கடைசியாக, மேல்தொகை கட்ட ஆயத்தமாயிருந்த பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளையின்மேல் உள்ள அன்பினால் கேட்டீர்கள். அந்த அன்பை நான் குறைவாக எண்ணவில்லை. பெயர் கொடுக்காத பிள்ளைகள் 9 பேர் இருக்கிறார்கள். "அன்றைக்கு ஊருக்குப் போகிறோம்", "அவனுக்கு உடம்பு சரியில்லை" என்று வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். சிலருக்கு அது மெய்யாயிருக்கலாம். மற்றவர்கள் ஏன் பெயர் கொடுக்கவில்லை என்பது அவர்களுடைய ஆசிரியைகளுக்குத் தெரியும். நாம் போகிற பூங்காவில் விரைவுச் சீட்டின் விலை சாதாரணச் சீட்டைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்படியானால், ஒரு பிள்ளையை முன்வரிசைக்கு உயர்த்துகிற அந்த மேல்தொகை, இன்னொரு பிள்ளையை உள்ளே அழைத்துப்போகப் போதுமானது. மனமுள்ளவர்கள் பெயர் எழுதாத உறையில் வைத்து ஆலயச் செயலாளரிடம் கொடுங்கள். யார் கொடுத்தது என்று அந்த வீட்டாருக்கும் தெரியாது, எனக்கும் தெரிய வேண்டாம். உங்கள் பிள்ளை அன்று இன்னும் சற்று நேரம் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். பக்கத்தில் நிற்பவன் யாரால் அங்கே வந்தான் என்பது அவனுக்கும் தெரியாமலே போகட்டும்.

ஜெபிப்போம்: எங்களுக்காகப் பரலோக மகிமையை விட்டு இறங்கி வந்த ஆண்டவரே, முந்திக்கொள்ளத் துடிக்கிற எங்கள் இருதயங்களை அமரப்பண்ணும். எங்கள் பிள்ளைகள் எங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுகிறார்கள் என்பதை நாங்கள் மறவாதிருக்க உதவி செய்யும். நாங்கள் கடந்துபோன முகங்களைத் திரும்பிப் பார்க்கக் கிருபை தாரும். ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கிற சபையாக எங்களை மாற்றும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், எங்கள் பிதாவே. ஆமென்.

கர்த்தர்தாமே உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்க வரும் ஞாயிறு மாலைவரை நேரம் இருக்கிறது.

கிறிஸ்துவின் அன்பின் பணியில்,
உங்கள் சேகர குரு